கேட்காத இலை

கொள்ளிடத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் ஒரு மடம் இருந்தது. பெரிய மடம் என்று சொல்ல முடியாது. யானை இல்லை, பல்லக்கு இல்லை. வருகிறவர்களுக்கு மத்தியானம் ஒருவேளைச் சோறு உண்டு. அதுதான் அங்கே பூஜை.

மடத்தின் குருவை எல்லோரும் சாமி என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய சீடர்களில் மூத்தவர் தாண்டவமூர்த்தி. குருவைவிடப் பதினைந்து வயது பெரியவர். அதனால் சீடர் குருவைச் சாமி என்பார், குரு சீடரை ஐயா என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.

மடத்துக்கு வருமுன் தாண்டவமூர்த்தி கல்யாணப் பந்திகளை நடத்தியவர். மாயவரம் சுற்று வட்டாரத்தில் அவர் நின்ற பந்தியில் யாரும் எதையும் கேட்டு வாங்கியதில்லை என்று பெயர். மனைவி இறந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார். வேதாந்தத்தில் எவ்வளவு தேறினாரோ தெரியாது, பந்தியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டு, பொரியல், சாம்பார் எல்லாம் மற்றவர்கள் பரிமாறலாம். ரச வாளி அவர் கையில்தான்.

பரிமாறப் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் பாடம் ஒன்றுதான்.

"கேட்டவனுக்குப் போடறது பிச்சை. கேக்கறதுக்கு முன்னாடி போடறதுதான் பரிமாறல். வாயைப் பாக்காதே, எலையைப் பாரு."

சாமி இதைக் காதில் வாங்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

மார்கழியில் ஒரு நாள், அடுக்களை வாசலுக்கு இடப்பக்கம், தூணை ஒட்டி உட்கார்ந்த வழிப்போக்கர் ஒருவர் ரசம் வராமல் பாதிச் சோற்றோடு எழுந்து போனார். சாமி அதைப் பார்த்தார். மறுநாளும் அந்த இலைக்கு ரசம் வரவில்லை. அடுக்களையில் வேலை செய்யும் செண்பகமும் அதைக் கவனித்து, பந்தி முடிந்ததும் தாண்டவமூர்த்தியிடம் சொன்னாள்.

"ஐயா, தூணடி எலையை விட்டுட்டீங்க."

"நான் எலையை விடுவனா? நீ எங்க பராக்குப் பாத்துட்டு இருந்தே?"

அன்று சாயங்காலம் வரை அவர் அவளோடு பேசவில்லை. அதற்கு மறுநாளிலிருந்து சாமி தினமும் தூணடி இலையில் தானே உட்காரத் தொடங்கினார். ரசம் ஒரு நாளும் வரவில்லை. சாமி மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். பிறகு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி, வயதானவர்களுக்கு மடத்தில் ஒரு முகாம் போட முடியுமா என்று கேட்டார்.

தை பிறந்ததும் டாக்டர்கள் வந்தார்கள். அறுபது தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் எல்லாம் பார்க்கிறார்கள் என்று தண்டோரா போட்டதில், ஊர்ப் பெரியவர்கள் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர்களைப் போல வரிசையில் நின்றார்கள். தாண்டவமூர்த்தி அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

சாமி வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, நீங்க போகலையா?"

"எனக்கு என்ன சாமி? கல்லைத் தின்னாலும் செரிக்குது."

"செரிக்கட்டும். ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்களேன்."

"உடம்பு ஏதாவது கேட்டா காட்டலாம். கேக்காத உடம்பை எதுக்குக் கெளறணும்? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி."

"நானும் ஆண்டிதானே," என்றார் சாமி.

தாண்டவமூர்த்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். கரைத்த புளியை இன்னொரு தடவை பிழிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்க வீட்டுல நல்லாத்தான் இருந்தா சாமி. வயித்து வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க அதுக்கு ஒரு பேரு வெச்சாங்க. பேரு வெச்ச மூணாம் மாசம் போயிட்டா. அந்தப் பேரை வெக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள்..."

அவர் பயந்துபோயிருந்தார். ஆண்டியும் சங்கும் அந்தப் பயத்தின் மேல் அவர் போர்த்தியிருந்த துண்டுதான்.

சாமி வற்புறுத்தவில்லை.

"டாக்டருங்க சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் பந்தி போட்டார்கள். முகாமுக்கு வந்தவர்கள், டாக்டர்கள், வழிப்போக்கர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. சாமி தூணடி இலையில் உட்கார்ந்தார். சாம்பார் சோறு முடிந்து, ரசத்துக்குச் சோறு விழுந்தது. தாண்டவமூர்த்தி ரச வாளியோடு அடுக்களையிலிருந்து வந்தார். தூணைத் தாண்டி, இரண்டாவது இலையிலிருந்து ஊற்றிக்கொண்டு போனார். குனிகிற குனிவும், ஒரு சொட்டு வெளியே சிந்தாத கையும் பார்க்க அழகாக இருந்தன. டவுனிலிருந்து வந்த டாக்டரம்மா பக்கத்தில் இருந்தவரிடம் அதைச் சொல்லி வியந்தாள்.

மோரும் வந்து போயிற்று. எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். ஆனால் யாரும் எழவில்லை. கடைசி ஆள் கை கழுவத் தயாராகும் வரை பந்தியில் ஒருவரும் எழக் கூடாது என்பது அந்த மடத்து வழக்கம்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒருவர் நெளிந்தார். வெளியே அடுத்த பந்திக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தாண்டவமூர்த்தி வாளியோடு கூடத்தின் நடுவில் நின்றார்.

"ஏன் யாரும் எந்திரிக்கல? யாருக்கு என்ன வேணும்?"

செண்பகம் வாயைத் திறக்காமல் தூணைக் காட்டினாள். அவர் திரும்பினார். கண் மட்டும் திரும்பினால் போதவில்லை, தலை முழுக்கத் திரும்ப வேண்டியிருந்தது.

சாமி உட்கார்ந்திருந்தார். இலையில் வெறும் சோறு ஆறிக் கிடந்தது.

"சாமி, சோறு அப்படியே இருக்கே?"

"ரசத்துக்குக் காத்திருக்கேன் ஐயா."

தாண்டவமூர்த்திக்கு முகம் சிவந்துவிட்டது. குருவின் இலை! அதுவும் வெளியூர்க்காரர்கள் முன்னால்.

"இந்த எலைக்கு ரசம் விடாமப் போனது யாரு?" என்று கத்தினார்.

எல்லோரும் அவர் கையிலிருந்த வாளியைப் பார்த்தார்கள். கடைசியாக அவரும் அதைப் பார்த்தார்.

தூணடிக்குப் போய் ரசத்தை ஊற்றினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ரசம் இலைக்கு வெளியே சிந்தியது.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே சாமி."

"கேட்டு வாங்கினா பிச்சைன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"இன்னிக்கு ஒரு நாள் தவறிப் போச்சு. மன்னிக்கணும்."

"மார்கழியிலேருந்து இந்த எலைக்கு வரலை ஐயா. வேற எலையில யாரு உக்காந்தாலும் வருது. இங்க உக்காந்தா வரலை."

"நான் பாத்துத்தானே வர்றேன்?"

"ஆமா. பாத்துத்தான் வர்றீங்க."

தாண்டவமூர்த்தி தூணைப் பார்த்தார். பிறகு தலையை நேராக வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தார். தூண் பார்வையிலிருந்து போய்விட்டது. சாமியும் போய்விட்டார். மறுபடி தலையைத் திருப்பினார். இரண்டும் வந்தன.

"இருட்டாக்கூட இல்லை சாமி," என்றார் குரல் இறங்கி. "இருட்டா இருந்தா தெரிஞ்சிருக்கும். அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குங்கிறதே தெரியலை."

"வலிச்சுதா?"

"இல்லை."

"உறுத்திச்சா?"

"இல்லையே. அது ஒண்ணுமே கேக்கலையே சாமி."

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. சாமி ரசத்தைச் சோற்றில் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். நிதானமாக, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். பிறகு இலையை மடித்தார். பந்தி எழுந்தது.

தாண்டவமூர்த்தி ரச வாளியைச் செண்பகத்திடம் நீட்டினார்.

"அடுத்த பந்தியை நீ பாத்துக்க."

அவள் வாளியைக் கையில் வாங்கவே பயந்தாள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வெளுத்த வேட்டிகளின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றார்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தன. கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்றது பொய்யில்லை. கண்ணைப் பார்த்த டாக்டரம்மாதான் வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் டவுனுக்கு வரச் சொன்னாள். சாமியும் கூடப் போனார்.

அங்கே ஒரு கருவியில் மோவாயை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளிகள் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். புள்ளிகள் வந்துகொண்டே இருந்தனவாம். தாண்டவமூர்த்தி பல நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார்.

"இரண்டு கண்லயும் இருக்குங்க ஐயா. இடது கண்ல அதிகம்," என்றாள் டாக்டரம்மா. "உள்ளே அழுத்தம் கூடி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாப் பட்டுப்போயிருக்கு. போன பார்வை திரும்பாது. இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம். தெனமும் சொட்டு மருந்து விடணும், நான் சொல்றப்பல்லாம் வந்து காட்டணும்."

"இதுக்குப் பேரு என்னம்மா?"

"க்ளாக்கோமா."

அவர் அந்தப் பேரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கைகள் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டன. சாமி அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"எத்தனை நாளாம்மா இது உள்ள இருக்கு?"

"சில வருஷமாவது இருக்கும்."

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது முதல் பந்தி முடியும் நேரம். சாமி அவரை அடுக்களை ஓரத்தில் உட்கார வைத்து, தலையைச் சாய்த்துப் பிடித்து, மருந்தை விட்டார். தாண்டவமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

"பேரு வெக்கறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு சாமி."

"ம்."

"அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஊர்ப் பந்தியெல்லாம் முடிச்சு வீட்டுக்கு வந்து பாத்தா, ரெண்டு வாய் மோர்ச்சோறு தின்னுட்டுச் சுருண்டு படுத்திருப்பா. 'சாப்பிட்டியா'ன்னு கேப்பேன். 'ஆச்சு'ம்பா. அவ்வளவுதான். அவ ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி மேல பழியைப் போட்டு இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்."

சாமி அடுத்த கண்ணுக்கும் மருந்தை விட்டார்.

"ஊர் எலை அத்தனையும் பாத்தேன் சாமி. எங்க வீட்டு எலையைப் பாக்கலை. இப்ப எனக்கும் பாதி போனப்புறம்தான் தெரியுது. கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்களே, அது நான்தான். இதுவரைக்கும் எத்தனை எலையைத் தாண்டிப் போயிருப்பேனோ, அதுக்கெல்லாம் நான் என்ன பண்ணட்டும்?"

மூடிய இமைகளின் ஓரத்தில் மருந்தும் கண்ணீரும் வழிந்தன. கூடத்தில் எச்சில் இலைகளை எடுத்துத் துடைக்கும் சத்தம் கேட்டது. புது இலைகள் விழுந்தன. ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

சாமி தன் மேல்துண்டால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டார். மூலையில் இருந்த ரச வாளியை எடுத்து வந்து அவருக்கு முன்னால் வைத்தார்.

"எந்திரிச்சுப் போன எலைக்கு இனிமே ரசம் விட முடியாது ஐயா. அடுத்த பந்தி உக்காந்தாச்சு. தலையை நல்லாத் திருப்பிப் பாத்துட்டு விடுங்க."