எண்பத்தெட்டாம் பக்கம்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு.

சீடர் தில்லைநாயகம் மாவட்ட சுகாதார அதிகாரி. மருத்துவ ஆய்வுகளைப் படிப்பது எப்படி என்று பத்து வருடங்களுக்கு முன் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் மெஹருன்னிசா. அன்றிலிருந்து மனதுக்குள் அவர்தான் குரு. வாயில் மட்டும் ‘மேடம்’.

அன்று காலை அவர் மேடத்தின் மேசையில் ஒரு காகிதக் கட்டை வைத்தார். நூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை.

“முப்பத்தேழு ஆய்வு மேடம். நாலு மாசமா தொகுத்தது. தலை சுத்துது.”

“என்ன கேள்வி?”

“ரெண்டு வருஷம் முன்னாடி மலை மேல ஆறு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பாம்புக்கடி மருந்து கொடுத்தோம். இதுவரை ஒண்ணுகூடப் போடலை. அங்கேயே வைக்கிறதா, திருப்பி எடுக்கிறதா? நாளைக்குக் கலெக்டர் கூட்டம்.”

“ஆய்வுகள் என்ன சொல்லுது?”

“பாதி, சீக்கிரம் போட்டா உயிர் பிழைக்கும்னு சொல்லுது. பாதி, மருந்தே ஒத்துக்காம போகலாம், சின்ன இடத்துல ஆபத்துன்னு சொல்லுது. இன்னொரு ஆய்வு வரப்போகுதாம். அதுக்குக் காத்திருக்கலாமா?”

மேடம் அறிக்கையைப் புரட்டினார்.

“போன மாசம் தேன்பாறையில மாரக்காள்னு ஒரு அம்மா. மலையிலிருந்து இறக்கும்போது வண்டியிலேயே போயிட்டாங்க.” தில்லைநாயகத்தின் குரல் இறங்கியது. “மருந்து அங்கதான் இருந்தது மேடம். கண்ணை மூடினா அந்தப் பேர்தான் வருது. எது சரின்னே புரியலை.”

மேடம் கைப்பையையும் அந்தக் கட்டையும் எடுத்துக்கொண்டார்.

“ஜீப் இருக்கா சார்?”

முப்பத்தோரு கொண்டை ஊசி வளைவுகள். வழியெல்லாம் தில்லைநாயகம் புள்ளிவிவரம் சொன்னார். மேடம் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

தேன்பாறை நிலையத்தில் செவிலியர் சகாயமேரி மட்டும் இருந்தார். டாக்டருக்கு இரண்டு நிலையங்கள். அன்று மற்றதன் முறை. மேடம் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

“சிஸ்டர், என்னைப் பாம்பு கடிச்சிருக்கு. நிஜம்னு வச்சுக்கங்க.”

சகாயமேரி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விழித்தபடி தலையாட்டினார்.

சாவி அரை நொடியில் வந்தது. அலமாரி திறந்தது. பத்துக் குப்பிகள், துடைத்து வைத்தபடி. பக்கத்தில் வெப்பநிலை அட்டை. காலையும் மாலையும் ஒருநாள் விடாமல் குறித்திருந்தது. கதவின் உட்புறம் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது.

சகாயமேரி குப்பிகளுக்கு முன் நின்றார். கை நீளவில்லை.

“அப்புறம்?” என்றார் மேடம்.

“வண்டிக்குப் போன் பண்ணுவேன்.”

“மருந்து?”

“மாரக்காளம்மா வந்த அன்னைக்கு டாக்டருக்குப் போன் பண்ணினேம்மா. ‘போட்டுரலாம். ஒத்துக்கலைன்னா சமாளிச்சுருவீங்களா’ன்னார். எனக்குத் தெரியாதுன்னேன். அனுப்பச் சொல்லிட்டார்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “போகும்போது அந்த அம்மா என் கையை விடவே இல்ல.”

தில்லைநாயகம் அலமாரிக் கதவைப் படித்துக்கொண்டிருந்தார். பதினான்கு வரிகள். எங்கே வைக்க வேண்டும், எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும், யாரிடம் சாவி இருக்க வேண்டும், காலாவதிக்கு எத்தனை மாதம் முன்பு தெரிவிக்க வேண்டும். எப்போது போட வேண்டும் என்று ஒரு வரி இல்லை. கீழே அவருடைய கையெழுத்து.

அவர் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார். வரி எங்காவது விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

மேடம் அந்தக் கட்டைச் சகாயமேரியிடம் கொடுத்தார்.

“சிஸ்டர், இதுல உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும்?”

சகாயமேரி புரட்டினார். வரைபடங்கள், அட்டவணைகள். பாவம், தலைகீழாகக்கூட ஒரு முறை பிடித்துப் பார்த்தார்.

“ஒத்துக்கலைன்னா நான் என்ன பண்ணணும்? அது எந்தப் பக்கம் சார்?”

தில்லைநாயகம் புரட்டிப் பார்க்கவில்லை.

“எண்பத்தெட்டு. அடிக்குறிப்பு.”

“படிங்க சார்” என்றார் மேடம்.

படித்தார். “மருந்தைச் சொட்டாக ஏற்றத் தொடங்குமுன் அட்ரினலினை ஊசியில் எடுத்துப் பக்கத்தில் வைக்கவும். தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால், மருந்து ஏற்றுவதை நிறுத்தி, அட்ரினலினைத் தொடையில் போடவும்.”

“அட்ரினலின் டிரேயில இருக்கு சார். எப்பவும் இருக்கும்.” சகாயமேரி அவரையே பார்த்தார். “இவ்வளவுதானா?”

சகாயமேரி ஓ.பி. சீட்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் அந்த இரண்டு வரியை எழுதினார். சுற்றறிக்கையின் மேலேயே ஒட்டினார். கையெழுத்து மறைந்துபோயிற்று.

ஜீப்புக்கு வந்ததும் தில்லைநாயகம் கேட்டார்.

“இப்பவும் குழப்பமா இருக்கு மேடம். நாளைக்குக் கூட்டத்துல நான் என்ன சொல்றது?”

“சிஸ்டர் கேட்டதுக்குப் பக்கத்தைக்கூடப் பார்க்காம பதில் சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க சார்.”

“அவ்வளவு போதுமா?”

“மருந்தை என்னைக்குக் கொடுத்தீங்க, இதை என்னைக்குச் சொன்னீங்கன்னும் சொல்லுங்க.”