வலிக்காத வீக்கமும் புளியங்காய் வைத்தியமும்

முன்னொரு காலத்திலே செம்பறை நாட்டை மாறமுத்து ராசா ஆண்டு வந்தார். கோபம் வந்தால் தலையை வாங்குவார், சந்தோஷம் வந்தால் ஊரைக் கொடுப்பார். ரெண்டும் ஒரே நாளில் வந்துவிட்டால், ஊர் கிடைத்தவனுக்குத் தலை இருக்காது.

அவருக்கு வலது தாடைக்கு அடியில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். அழுத்தினாலும் வலியில்லை. வலித்தாலாவது கத்தலாம். வலிக்காமல் வீங்கினால் ராசா என்ன செய்வார்? யார் மேலாவது பாயத்தானே வேணும்!

ராசாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்து, துப்பப் படிக்கம் ஏந்துகிற அடைப்பக்காரன் வெயிலுகந்தான். எந்நேரமும் ராசாவின் காதோரம் நிற்பான். பத்தடி தள்ளி நிற்கிற படைத்தலைவர், தளவாய் தீத்தாரப்பருக்கு அதிலே வயிற்றெரிச்சல்.

"மகாராசா, இது விஷ வீக்கம்! இவன் மடித்த வெற்றிலையை நேற்று நானும் போட்டேன். என் கதியைப் பாருங்க!" என்று தன் புடைத்த கன்னத்தைக் காட்டினார்.

"வெட்டுங்கடா இவனை!" என்றார் ராசா.

"வெட்டுங்க சாமி. ஆனா ஒண்ணு சொல்லுங்க, வீக்கம் எப்பப் பெருசாகுது?" என்றான் வெயிலுகந்தான்.

ராசா யோசித்தார். "சோற்றைக் கண்டதும். சாப்பிட்டு எழுந்தால் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும்."

"படிக்கம் பிடிக்கிற எனக்கு எச்சில் கணக்குத் தெரியும் சாமி. ஒரு மாசமா உங்களுக்குப் பாதிதான் வருது. வலிக்காத வீக்கம் பல்லடியில நீர் கோத்தாலும் வரும், பொல்லாத கட்டி விழுந்தாலும் வரும். ஆனா அதெல்லாம் சோத்தைக் கண்டு எந்திரிச்சு உக்காராது. இது எச்சில் வர்ற வழியில ஏதோ அடைப்பு. புளியங்காய் கொண்டாரச் சொல்லுங்க. தளவாய்க்கும் சேர்த்து! விஷம் ஒண்ணுன்னா மருந்தும் ஒண்ணுதானே?"

புளியங்காய் வந்தது, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி. ரெண்டு பேரும் மென்றார்கள். ராசாவின் வீக்கம் நார்த்தங்காய் அளவுக்கு எழும்பியது. வெயிலுகந்தான் பால் கறக்கிற மாதிரி தாடைக்கடியில் பின்னிருந்து முன்னாக நீவினான். 'டணங்'! அரிசியளவு கல் ஒன்று ராசா வாயிலிருந்து படிக்கத்தில் விழுந்தது.

அந்தப் பக்கம் தளவாய்க்கு வாயெல்லாம் வெள்ளம். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில் 'டொக்'! முழுக் கொட்டைப்பாக்கு ஒன்று உருண்டுபோய் ராசா காலடியில் நின்றது. கன்னம் சப்பையாகிவிட்டது.

"தளவாய், உம்ம விஷம் கீழே விழுந்துடுச்சு, எடுத்துக்கும்" என்றார் ராசா.

வெயிலுகந்தானுக்குத் தளவாய் ஆசனம் கிடைத்தது. ஒரு மாசமாக அடைபட்டுக் கிடந்த எச்சிலையெல்லாம் ராசா அன்றைக்கே துப்பித் தீர்த்தார். படிக்கம் ஏந்தினவர் தீத்தாரப்பர்.

ராசா தாடை வடிந்தது, தளவாய் கன்னம் வடிந்தது, என் கதையும் வடிந்தது.