நானூற்று முப்பத்தொரு சதுர அடி

“என் நிலம் எங்க இருக்குன்னு காட்டுங்க” என்றார் தேவசகாயம்.

பாளையங்கோட்டையில் பத்திர ஆபீஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மேஜை. செண்பகவல்லி அங்கே உட்கார்ந்துதான் பத்திரம் எழுதுவார். வயசு முப்பத்தெட்டு.

தேவசகாயம் ரிட்டயரான பஸ் கண்டக்டர். அறுபத்திரண்டு. வயசில் மூத்தவர், ஆனாலும் யோசனை கேட்க வந்தவர் அவர்தான்.

தன் வீட்டுப் பத்திரத்தை மேஜையில் வைத்தார்.

“இதுல நானூத்தி முப்பத்தொரு சதுர அடின்னு போட்டிருக்கு. பத்து வருஷமா பீரோவுல கிடந்துச்சு. நேத்துதான் படிச்சேன்.”

“இப்ப எதுக்கு நிலம்?”

“படியில ஒரு பலகை போடணும்.”

மூணு படி. அவ்வளவுதான் பிரச்சினை.

பதினாறு வீடு இருக்கிற அடுக்குமாடி. தேவசகாயம் வீடு தரைத்தளம். அதிலிருந்து தெருவுக்கு வர மூணு படி இறங்கணும். அவர் மனைவி ஸ்டெல்லாவுக்குச் சர்க்கரை வியாதி முற்றி, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலி படி இறங்காது.

தேவசகாயம் பட்டறையில் சொல்லி, இரும்பில் ஒரு சரிவுப் பலகை செய்து வந்தார். காலையில் படிமேல் போட்டார். சாயங்காலமே சங்கச் செயலாளர் அருணகிரி எடுக்கச் சொல்லிவிட்டார்.

“படி பொது இடம் அண்ணாச்சி. பதினாறு வீடும் கையெழுத்துப் போடணும்.”

அந்தச் சங்கத்தில் எல்லாவற்றுக்கும் பதினாறு கையெழுத்து. ஒரு வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். வீடு பூட்டியே கிடக்கும். அதனால் எதுவும் நடக்காது.

அருணகிரி தன் காருக்கு மேலே போட்ட தகரக் கூரைக்கு மட்டும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அது நடந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா நாலு பேரு நாற்காலியோட தூக்கணும்” என்றார் தேவசகாயம். “போன மாசம் தூக்கினோம். இறக்கினதும் ஸ்டெல்லா சொல்லிட்டா, நாலு பேரு தூக்கறது சவப்பெட்டியத்தான், நான் இன்னும் சாகலன்னு. இனிமே தூக்கக் கூடாதாம். இருபத்தாறு நாளாச்சு, வெளிய வரல. மருந்து தீரப் போகுது, டாக்டர் நேர்ல பாக்கணும்ங்காரு.”

செண்பகவல்லி பத்திரத்தைப் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

“பிரிபடாத பாகம், அதாவது மொத்த மனையில பிரிக்காத உங்க பங்கு, நானூத்தி முப்பத்தொண்ணு.”

“அதான். எங்க இருக்கு அது?”

பேனா டப்பாவுக்குள் ஒரு சாக்பீஸ் கிடந்தது. எடுத்து நீட்டினார்.

“போய்க் கோடு போட்டுட்டு வாங்க.”

தேவசகாயம் டேப்பும் சாக்பீஸுமாகப் போனார்.

கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு கட்டம் போட்டார்.

அருணகிரி வந்து செருப்பால் அழித்தார். “இது பொது.”

தண்ணித் தொட்டி பக்கத்தில் போட்டார்.

“இதுவும் பொது.”

படிக்குக் கீழே போட்டார்.

“இது ரொம்பப் பொது. என்ன அண்ணாச்சி, சின்னப் பிள்ளைங்க பாண்டி ஆடுத மாதிரி கோடு போட்டுட்டு அலையுதீங்க?”

மாடியில் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

மறுநாள் காலை. பிளாஸ்டிக் மேஜை.

“ஏமாத்திட்டானுவ” என்றார் தேவசகாயம். “பத்திரம்தான் இருக்கு, நிலம் இல்ல. எங்க போட்டாலும் பொதுங்காரு.”

“அவர் சொன்னது சரிதான்.”

“நீங்களுமா?”

“சாக்பீஸ் எங்க?”

“என் பாக்கெட்ல.”

“அதான் தப்பு.”

செண்பகவல்லி அடுத்த ஆளின் பத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

தேவசகாயம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். செண்பகவல்லி நிமிரவே இல்லை. கோபத்தோடு வீட்டுக்கு வந்தார்.

ஸ்டெல்லா கம்பிக் கதவுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தார். நடந்ததை எல்லாம் கேட்டார்.

“அந்தம்மா சரியாத்தான் சொல்லியிருக்கு” என்றார்.

“என்னத்த சரி? சாக்பீஸ் பாக்கெட்ல இருந்தா தப்பாம்!”

“முப்பது வருஷம் பஸ்ஸுல நீங்க என்ன கேட்டீங்க?”

“டிக்கெட் எங்கன்னு கேட்டேன்.”

“யாருகிட்ட?”

“ஏறின எல்லாருகிட்டயும்.”

“இங்க மட்டும் உங்க டிக்கெட்டையே நீட்டிக்கிட்டு நிக்கீங்க.”

தேவசகாயம் சட்டைப் பாக்கெட்டைத் தடவினார்.

“சாக்பீஸைக் குடுங்க. பலகைய எடுத்துட்டு வாங்க.”

சாயங்காலம் அஞ்சு மணி. அருணகிரி கார் சாவியோடு கீழே வந்தார். மூணு படிக்கு மேலே நாற்காலியில் ஸ்டெல்லா. பக்கத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு தேவசகாயம்.

“திரும்பவுமா அண்ணாச்சி?” அருணகிரி படிக்கு நேர் கீழே வந்து நின்றார். “கையெழுத்து வாங்காம...”

“இந்தாங்க” என்று ஸ்டெல்லா சாக்பீஸை நீட்டினார்.

“எதுக்கு?”

“பத்திரத்துல உங்களுக்கு எவ்வளவு போட்டிருக்கு?”

“ஐநூத்தி இருபது. எங்க வீடு பெருசுல்லா.”

“அதைக் கோடு போட்டுக் காட்டுங்க. அந்தக் கோட்ட நாங்க மிதிக்க மாட்டோம். மிச்சத்துல பலகை போட்டுக்கிடுதோம்.”

அருணகிரி சிரித்தார். இந்தத் தடவை மாடியில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் கைப்பிடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாக்பீஸை வாங்கினார். தன் காரைப் பார்த்தார். போய்க் கூரைக்குக் கீழே குனிந்தார். ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்தார்.

“சார், அது பொதுல்லா?” என்றது மாடியிலிருந்து ஒரு குரல்.

அருணகிரி நிமிர்ந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. மறுபடி படிக்கு முன்னால் வந்து நின்றார்.

“எப்படிம்மா கோடு போட முடியும்? எல்லா இடமும் எல்லாருக்கும் சொந்தம்.”

தேவசகாயம் பலகையைப் படிமேல் போட்டார். இரும்பு டங்கென்று உட்கார்ந்தது.

ஸ்டெல்லா பிரேக்கை விட்டார்.

“அப்ப தள்ளி நில்லுங்க. என் இடத்துல நிக்கீங்க.”