கூறு போட்ட அமைச்சர்

"மூன்று நாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன், தாயே. தெளிவு மட்டும் வரவில்லை."

சொன்னவர் அரசனின் அமைச்சர் குழைக்காதர், நரைத்தவர். குரு வெள்ளையம்மை அவர் மகளைவிட இளையவர். கடற்கரை மணலில் அமர்ந்து, வலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பார்த்தீர்?"

"முதல் நாட்டில் படகெல்லாம் அரசனுடையது. எல்லோருக்கும் ஒரே கூலி. யாரும் பட்டினி இல்லை. விடியுமுன் எழுவாரும் இல்லை."

"பிறகு?"

"அடுத்ததில் படகு வணிகனுடையது. பேய்போல உழைக்கிறார்கள். கை ஒடிந்தவன் மறுநாள் கோயில் வாசலில்."

"மூன்றாவது?"

"படகு ஊருக்கே சொந்தம். கிழிந்த வலையை யார் தைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பும்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள்."

குரு சிரித்தார்.

"சிரிக்காதீர்கள். புதுத் துறைமுகத்தில் படகு யாருக்கு, கூலி எவ்வளவு என்று நாளை அரசனிடம் சொல்ல வேண்டும். நான் தவறினால் ஒரு ஊரே பட்டினி கிடக்கும்."

வலை கரையேறியது. கரை முழுக்க மீன் வெள்ளியாய்த் துள்ளியது.

"இன்று மீனை இவர் பங்கு பிரித்துக் கூறு போடட்டும்" என்றார் குரு, வலை இழுத்தவர்களிடம். "இவருக்கும் ஒரு கூறு."

அமைச்சர் தயங்கவில்லை. படகுக்காரனை நினைத்துப் பெரிய கூறு. வலைக்காரனுக்கு அடுத்தது. கயிறு இழுத்தவர்களுக்கு அளவாக. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்குக் கடைசியில் இரண்டு சாளை மீன்.

வலைக்காரர் தலைவன் முத்திருளன் கூடையை நீட்டினான். உள்ளே சிப்பி, சுள்ளி, ஒரு வெற்றிலைக் காம்பு.

"உங்க மோதிரத்தைப் போடுங்க சாமி."

"எதற்கு?"

"ஆளுக்கொரு பொருள் போடுவோம். கண்ணைக் கட்டிக்கிட்டு ஒருத்தி கூறுக்கு ஒண்ணா எடுத்து வைப்பா. யார் பொருள் எங்கே விழுதோ, அந்தக் கூறு அவங்களுக்கு."

"நான் படகுக்காரனுக்கென்று…"

"கூறுக்குப் பேர் கிடையாதுங்க."

அமைச்சர் மோதிரத்தைக் கழற்றினார். போடவில்லை.

இரண்டு சாளைகளில் ஒன்று இன்னும் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய கடல் அந்தச் சின்ன வாயின் வழியே தம்மையே பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார்.

மண்டியிட்டார். எல்லாக் கூறுகளையும் கலைத்தார். மறுபடி ஆரம்பித்தார். ஒரு மீனை எடுப்பார், வைப்பார், திரும்ப எடுப்பார்.



"இருட்டிரும் சாமி" என்றான் முத்திருளன், மெதுவாக.

அவர் நிமிரவில்லை.

"நாளை அரசனிடம் என்ன சொல்வீர்?" என்று கேட்டார் குரு.

"முதலில் அவர் மோதிரத்தைக் கேட்பேன், கூடையில் போட."