மொகுதூம் கடையின் கடைசிக் கொடுவாக் கம்பு

கஸ்பார் பர்னாந்து வாயைத் திறந்தால் தூத்துக்குடித் துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்கள் ஒரு சாண் மேலே எழும்பும் என்று சொல்வார்கள். நான் அளந்து பார்த்ததில்லை. அளந்தவர்கள் ஒன்றரைச் சாண் என்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் அன்றைக்குக் காலையில், மொகுதூம் காக்காவின் தூண்டில் கடையில், பெஞ்சு ஓரத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எஸ்தாக்கி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கஸ்பார் சொல்கிற எதையும் நம்புவதில்லை என்று நேர்ந்துகொண்டவர்.

"என்னவே, வாயில புண்ணா?" என்றார் எஸ்தாக்கி.

கஸ்பாரின் கண் சுவரில் மாட்டியிருந்த ஒரு தூண்டில் கம்பின் மேல் இருந்தது. சாதாரணக் கம்புதான். ஏழடி, இரண்டு துண்டு, ஃபைபரும் கார்பனும் கலந்தது. கார்பன் மட்டும் என்றால் பாறையில் ஒரு தட்டுப் பட்டாலே படாரென்று போய்விடும். ஃபைபர் மட்டும் என்றால் மத்தியானத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இது இரண்டுக்கும் நடுவே. கொடுவா மீன் தலையை உதறினால் தாங்கும். விலையைக் கேட்டால் நாமும் தாங்குவோம். அந்த ரகத்தில் அதுதான் கடைசி. அடுத்த சரக்கு கிறிஸ்துமஸ் கழிந்துதான் வரும் என்று காக்கா சொல்லிவிட்டார்.

கஸ்பாருக்கு அந்தக் கம்பு வேண்டும். ஐப்பசி மழையில் தாமிரபரணி செந்தண்ணீராகக் கடலில் விழ ஆரம்பித்துவிட்டது. கொடுவா ஆற்று முகத்துக்கு ஏறுகிற நேரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயல் ஆற்று முகத்துக்குப் போய், எஸ்தாக்கி பார்க்கப் பார்க்க ஒரு கொடுவா தூக்குவதாகக் கடைவாசலில் வைத்துச் சவால் விட்டிருந்தார். விட்ட மறுநாள், வீட்டுக் கூடத்தில் வீசிப் பழகியபோது அவருடைய ஒரே கம்பின் நுனி மின்விசிறிக்குள் போய்விட்டது. நுனி எங்கே என்று அவர் மனைவி பிலோமி இன்னும் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

சரி, எழுந்து போய் வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஜப்பான் கப்பல் கேப்டன் ஒருவர் கண்ணீரோடு பரிசளித்த கார்பன் ராடு தன்னிடம் இருப்பதாகவும், வேறு கம்பைக் கையால் தொடுவதில்லை என்றும் கஸ்பார் பல வருஷமாகச் சொல்லி வருகிறார். கம்பைப் பழைய ஜன்னல் திரைத் துணியில் சுற்றித்தான் எடுத்துப் போவார். கடற்காற்று பட்டால் ஜப்பான் கம்புக்குச் சளி பிடிக்கும் என்பார். எஸ்தாக்கி வீட்டுக்குப் போனதும் காக்காவிடம் மெதுவாகக் கேட்டு வாங்கிவிடலாம் என்று கஸ்பார் காத்திருந்தார். எஸ்தாக்கியோ பெஞ்சில் வேர் விட்டிருந்தார்.

அப்போதுதான் அந்த ஆள் உள்ளே வந்தார். தலையில் துண்டு, வாழைக்கறை படிந்த வேட்டி. முக்காணியில் வாழைத் தோட்டம், பெயர் பலவேசம் என்றார். காக்கா காட்டிய பளபளப்பான கறுப்புக் கம்புகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே போய்ச் சுவரில் இருந்த அந்தக் கம்பை எடுத்தார்.

கஸ்பார் பாதி எழுந்து, எஸ்தாக்கியைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

பலவேசம் இரண்டு துண்டையும் செருகி, மூட்டு ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. கொஞ்சம் பஞ்சு வாங்கி, நூல் ஓடுகிற வளையங்களுக்குள் ஒவ்வொன்றாக விட்டு இழுத்தார். எங்காவது கீறல் இருந்தால் பஞ்சு மாட்டும். மாட்டவில்லை. நுனியைக் கூரையில் ஊன்றி அமுக்கினார். மேல்பாதி வளைந்தது; அடிப்பாதி அசையவில்லை. கொடுவாவுக்கு அப்படித்தான் வேண்டும்.

'பாவி, தெரிஞ்ச ஆளு' என்று நினைத்துக்கொண்டார் கஸ்பார். தெரியாத ஆளாக இருந்தால் ஒரு கறுப்புக் கம்பைக் கையில் திணித்து அனுப்பியிருக்கலாம். இனி ஒரே வழிதான். வாயைத் திறந்தார்.

"தம்பி, அந்தக் கம்பை வாங்காதீரும். ரொம்பத் தொந்தரவு புடிச்ச கம்பு."

"அப்படியா அண்ணாச்சி?" என்றார் பலவேசம், கம்பை விடாமல்.

"அண்ணே, வியாபாரத்தைக் கெடுக்காதீங்க" என்றார் மொகுதூம் காக்கா.

"இருக்கிறதைச் சொல்லுதேன் காக்கா. எங்கிட்ட சப்பான் ராடு இருக்கு, எனக்கு இது எதுக்கு? ஆனா இதே ரகத்துல ஒண்ணு மருமகனுக்கு வாங்கிக் குடுத்தேன். அவன் வரலைன்னு ஒரு நாள் நானே எடுத்துட்டுப் போனேன். பஸ்ல ஏறுனா, நுனி துடிக்கு! அவ்வளவு உணர்ச்சி. மீன் மார்க்கெட் பக்கம் பஸ் திரும்புச்சு, கம்பும் திரும்பிட்டு. கூட்டத்துல ஒரு அம்மா கூடையை மூடி வச்சிருக்கா, அதை நீட்டிக் காட்டுது. திறந்து பார்த்தா விளமீன். கண்டக்டர் கம்புக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டான்."

எஸ்தாக்கி தொண்டையைச் செருமினார். "அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டாவே?"

"ஏழடி இருக்கு, அரை டிக்கெட் குடுப்பானா? மூளையை உபயோகிச்சுக் கேளும்."

பலவேசம் நுனியை விரலால் தட்டிப் பார்த்தார். "உணர்ச்சி இருக்குன்னா நல்லதுதானே, அண்ணாச்சி? மீன் முகர்ந்து பார்க்கிறதே கைக்குத் தெரியும்."

கஸ்பாருக்குச் சுருக்கென்றது. குறை சொல்லப் போய் மெச்சிவிட்டோமே! இந்த முறை ஒழுங்காகக் குறை சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார்.

"அது போகட்டும். வீசிப் பார்த்தீருன்னா வெறுத்துப் போவீரு. புன்னைக்காயல்ல நின்னு ஒரு ரப்பர் மீனை மாட்டி, சும்மா மணிக்கட்டை ஒரு சொடுக்கு. அவ்வளவுதான். இரை போச்சு. போயிட்டே இருக்கு. நான் கட்டுச்சோத்தை அவிழ்த்துச் சாப்பிட்டேன், கை கழுவினேன், இன்னும் தண்ணியில விழலை. மணப்பாட்டுக் கலங்கரை விளக்கத்தை ஒரு சுத்துச் சுத்திட்டுத் திரும்பி வந்து என் முதுகுக்குப் பின்னால விழுது."

"நூல் எம்புட்டுவே இருந்துச்சு அந்த ரீல்ல?" என்றார் எஸ்தாக்கி.

"நூல் திருச்செந்தூர் தாண்டும்போதே முடிஞ்சிட்டு. இரை போன வேகத்துக்கு அது தனியாப் போய்ட்டு வந்துச்சு. மரியாதை தெரிஞ்ச இரை, திரும்பி வந்து நூல்ல தானே மாட்டிக்கிட்டு."

மொகுதூம் காக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்து, கம்பைப் புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இந்தச் சரக்கை இவ்வளவு காலம் சாதாரணமாக விற்றுவிட்டோமே என்று அவர் முகம் சொன்னது. எஸ்தாக்கி கையை நீட்டி, "அதைக் கொஞ்சம் தாரும், பார்ப்போம்" என்றார். பலவேசம் தரவில்லை. பிடி இறுகியது.

கஸ்பாருக்கு வேர்த்துவிட்டது. அவர் நாக்கு இருக்கிறதே, அதற்கு இறங்குகிற பழக்கமே கிடையாது. பிறந்ததிலிருந்து ஏறியே பழகியது.

"வளைவு! வளைவைப் பத்தி நான் சொல்லவே இல்லையே!" என்றார் அவசரமாக. "பாலத்துத் தூண் நிழல்ல ஒரு கொடுவா கிடந்துச்சு. டப்புன்னு ஒரு சத்தம். அடிச்சிட்டு! கம்பு வளையுது, வளையுது, நுனி என் காலுக்கு நடுவுல பூந்து, முதுகு வழியா ஏறி, என் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டுப் போய்ப் பிடியைத் தொட்டுது. முழு வட்டம். தண்ணிக்கு வந்த ஒரு பொம்பளை, நல்ல சும்மாடு கிடக்குன்னு எடுத்துத் தலையில வச்சு, மேல குடத்தையும் வச்சிட்டா. மீனும் நானும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கோம், நடுவுல அவ குடத்தோட நடந்து போறா. ஒரு சொட்டுத் தண்ணி சிந்தலை."

"ஒடியலையா அண்ணாச்சி?" என்றார் பலவேசம்.

"ஒடியுமா? ஒரு முறுமுறுப்புக் கூட இல்லை!" என்று பெருமையோடு சொல்லிவிட்டு, கஸ்பார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"காக்கா, இதுக்கே பில் போடுங்க" என்றார் பலவேசம்.

"ஐயா, பில்லுக்கு முன்னால மீனைப் பத்திக் கேட்டுட்டுப் போம்!" கஸ்பார் எழுந்தே நின்றுவிட்டார். "இந்தக் கம்புக்குச் சின்ன மீன் ஆகாது. பெருசாப் பார்த்துத்தான் புடிக்கும். அந்தக் கொடுவா ஒரு தடவை வாலைத் திருப்புச்சு, ஆறு திரும்பி மேற்கே ஓடுச்சு. ஸ்ரீவைகுண்டம் அணையில இருந்தவங்க, தண்ணி கீழே இருந்து வருதே, மதகைத் திறக்கவா மூடவான்னு தெரியாம மேலதிகாரிக்குப் போன் போட்டாங்க. கொடுவா சின்னதுல ஆணா இருந்து, வளர்ந்தா பெண்ணா மாறும், உங்களுக்கே தெரியும். நான் மாட்டும்போது அது ஆண். மீசை இல்லாத குறைதான். இழுத்துக்கிட்டே இருக்கேன், இழுத்துக்கிட்டே இருக்கேன், பாதியில பார்த்தா பெண்ணா மாறிட்டு! இழுக்கிற விதமே வேற. முதல்ல முரட்டு இழுப்பு, அப்புறம் யோசிச்சு யோசிச்சு இழுக்கு. நான் எங்க அசருவேன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

எஸ்தாக்கி பெஞ்சைத் தட்டினார். "ஓய் கஸ்பாரு! அப்போ கல்யாணம் கட்டினவன் சொல்லுத கதைதான் இது!"

"சிரிக்காதீரும். உயிர் போற விஷயம். தம்பி, கடைசியாச் சொல்லுதேன், கேட்டுக்கிடும். இந்தக் கம்பு புடிச்சா விடாது. மீன் தோக்காது, கம்பும் தோக்காது. நடுவுல நாமதான் நிக்கணும். சோறு கிடையாது, தூக்கம் கிடையாது, பெண்டாட்டி புள்ளை மூஞ்சி மறந்து போச்சு. எனக்கு நாக்கு வறண்டுட்டு. பக்கத்துல யாரோ ஒரு ஆளு நின்னான். தம்பி, இதைச் சித்த புடிச்சிக்கிடும், ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்னு அவன் கையில குடுத்தேன். டீக்கடைக்கு வந்தா, தூத்துக்குடி பஸ் நிக்குது. பழக்கதோஷம், ஏறிட்டேன். அந்த ஆளு இன்னும் அங்கனதான் புடிச்சிட்டு நிக்கான். குடும்பஸ்தன் வாங்குத கம்பா இது? நீரே சொல்லும்."

முதல் தடவையாகக் கம்பு கெட்ட பேர் வாங்கியிருந்தது. பலவேசம் முகம் தொங்கிப்போனது. கம்பை மெதுவாகக் கீழே இறக்கி, கல்லா மேசையின் மேல் வைத்தார்.

கஸ்பாரின் கை தானாக அந்தப் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தது.

"அண்ணாச்சி" என்றார் பலவேசம், தரையைப் பார்த்தபடி. "அந்த ஆளு மூஞ்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"மூஞ்சியை யாரு பார்த்தா? இருட்டிக்கிட்டு வந்துச்சு. மழைக் கோப்பு வேற."

"நான்தான் அது."

எஸ்தாக்கிக்குப் புரையேறியது. காக்கா பில் புத்தகத்தை மூடிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

பலவேசம் சிரிக்கவில்லை. வாழைக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். "உங்களைத் தேடாத டீக்கடை இல்லை. நீங்க சொன்ன அம்புட்டும் நிசம். அந்த மீன் யோசிச்சுத்தான் இழுக்கு. இப்போ என் மச்சினன் கையில குடுத்துட்டு வந்திருக்கேன். அந்த மீனோட எனக்கு ஒரு தகராறும் இல்லை, அண்ணாச்சி. அது பாட்டுக்குக் கிடக்கு. ஆனா அது பெண்ணா மாறுன சேதி கடல்ல பரவிட்டு. ஒரு ஆண் கொடுவா பெண் பார்க்க வந்திருக்கு, சொந்தபந்தத்தோட. ஆத்துல தண்ணிக்கு இடம் இல்லை. தண்ணி என் வாழைத்தோட்டத்துல வந்து நிக்குது. மாப்பிள்ளையைப் புடிச்சு அந்தப் பக்கம் வச்சாத்தான் ஆறு ஓடும். அதுக்கு இதே ரகத்துல இன்னொரு கம்பு வேணும்."

கஸ்பாரின் வாய் திறந்தது. 'புளுகு' என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். ஆனால் எப்படிச் சொல்வது? பலவேசம் சொன்னது புளுகென்றால் மாப்பிள்ளை புளுகு. மாப்பிள்ளை புளுகென்றால் பொண்ணும் புளுகு. கம்பு, சும்மாடு, மணப்பாடு, கடைசியில் ஜப்பான் கேப்டன் வரைக்கும் நூல் பிடித்து ஓடும். எஸ்தாக்கி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், பூனை பார்ப்பதுபோல.

வாய் திறந்தது திறந்தபடியே இருந்துவிட்டு, மூடிக்கொண்டது.

"மாப்பிள்ளை... எம்மட்டு இருப்பாரு?" என்றார் கஸ்பார் ஈனசுரத்தில்.

"நீங்க பார்த்தா வெக்கப்படுவீங்க, அண்ணாச்சி. பொண்ணைவிடச் சின்னது."

மொகுதூம் காக்கா பில் போட்டார். கம்பைக் காகிதத்தில் சுற்றி, இரண்டு இடத்தில் சணல் கட்டி, தானே வாசல் வரை கொண்டுவந்து கொடுத்தார். அப்படி அவர் செய்து யாரும் பார்த்ததில்லை.

"இப்படி ஒரு மனுசன் முக்காணியில இருக்கான்னு தெரியாமப் போச்சே" என்றார் எஸ்தாக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு கஸ்பார் பக்கம் திரும்பினார். "உமக்கென்னவே விசாரம்? அதான் சப்பான் ராடு இருக்கே. ஞாயித்துக்கிழமை வெள்ளனே வந்து வீட்டு வாசல்ல நிக்கேன். திரைத்துணியைக் கழட்டி வையும், காத்துப் படட்டும்."

கஸ்பார் பெஞ்சில் உட்கார்ந்தார். வாசலில் பலவேசம் மோட்டார் சைக்கிளில் கம்பைக் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். உதைத்துக் கிளப்பியவர், ஏதோ மறந்ததுபோல வண்டியை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மச்சினனுக்குக் கை கடுக்குதாம். டீ குடிச்சு முடிச்சாச்சுன்னா பின்னால ஏறுங்க, உங்க மீனை நீங்களே வந்து புடிச்சிக்கிடுங்க."