சக்கரம் வச்ச வீட்டுல பருப்பு வெந்த கதை

வா, கிட்ட வந்து உக்காரு. இன்னும் கிட்ட. காலை நீட்டிக்கோ, தலைய என் மடியில வை. நான் நிறுத்துற எடத்துல நீ "ம்" சொல்லணும். "ம்" நின்னா கதையும் ரோட்டோரமா நின்னுடும். ஏன்னா இது வண்டிக் கதை.

ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீடு அந்த ஊர்லயே இருக்காது! இன்னைக்கு இங்க, திருவிழா முடிஞ்சா வேற ஊரு. ஏன்னு கேளு. அந்த வீட்டுக்குக் கீழ சக்கரம்.

ம்.

பழைய பஸ்ஸு அது. சீட்டையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு, முன்னாடி அடுப்பு, நடுவுல படுக்கப் பலகை, பின்னாடி ஒரு திரையத் தொங்கவிட்டுக் குளிக்கிற எடம். கூரை மேல கறுப்பா ஒரு தண்ணித் தொட்டி. அதுல இருந்தவங்க மூணு பேரு. மாரப்பன், அவன் பொண்டாட்டி பூவாத்தா, அவங்க பொண்ணு சிட்டு. மாரப்பனுக்குக் குதிரை ராட்டினம் சுத்துற தொழில். மரக்குதிரை, வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு, காது ஒடஞ்சது ஒண்ணு. எந்த ஊர்ல தேரோ அந்த ஊருக்கு கடகட கடகடன்னு போயிடுவாங்க. சிட்டுக்கு ராட்டினத்துல டிக்கெட்டே கெடையாது. பொழுதன்னைக்கும் அந்தக் காது ஒடஞ்ச குதிரை மேலதான்.

உனக்கும் வேணுமா? தூங்கு, கனவுல வரும்.

அப்புறம் என்னன்னா, எந்த ஊருக்குப் போறாங்களோ அந்த ஊர்த் தண்ணியத்தானே தொட்டியில ரொப்பணும்? ஆத்தோரத்து ஊருன்னா ஒண்ணும் இல்ல. சோப்பைத் தொட்டா நுரை குபுகுபுன்னு வரும். மேட்டாங்காட்டு ஊருக்குப் போனாத்தான் வந்துச்சு வினை. போர்த்தண்ணி அம்புட்டும் உப்பு. சோப்பு நுரைக்கவே நுரைக்காது, தயிரு திரிஞ்ச மாதிரி திப்பி திப்பியா மெதக்கும். குழாய் வாயில வெள்ளை வெள்ளையா படிஞ்சு தண்ணி சொட்டு சொட்டா வரும். பருப்பைப் போட்டா ரெண்டு மணி நேரம் கொதிச்சாலும் லொட லொடன்னு கல்லாட்டம் குதிக்கும். சிட்டு இருக்காளே, அவ தலை தேங்கா நாரு மாதிரி ஆயிடுச்சு. கையெல்லாம் வறண்டு, சொறி சொறின்னு சொறிஞ்சுக்கிட்டே இருப்பா.

ம்.

அப்போ ஒரு நாள் மாரப்பனோட அக்கா ராமாயி பாக்க வந்தா. ஆத்தோரத்து ஊர்க்காரி, வாய் பெருசு, மனசும் பெருசு. சிட்டைத் தூக்கி மடியில வச்சுத் தலையத் தடவுனா. வெரலு சிக்கிக்கிச்சு.

"ஏன்டா மாரா, இது புள்ளைத் தலையா, பாத்திரம் தேய்க்கிற நாரா?"

"தண்ணி அப்படிக்கா."

"தண்ணி அப்படின்னா புள்ளைய ஏன்டா இதுல வச்சிருக்கே? பூவாத்தாளும் புள்ளையும் எங்க வீட்டுல வந்து இருக்கட்டும். நீ மட்டும் ராட்டினத்தக் கட்டிக்கிட்டுச் சுத்து."

மாரப்பன் தலையச் சொறிஞ்சான். அவனுக்கும் தலை நாரு தானே! "அக்கா சொல்றதும் நெசந்தான் பூவு"ன்னான்.

பூவாத்தா கரண்டியால பருப்பைக் கிண்டுனா. அடுப்புல பருப்பு லொட லொட. சிட்டு அம்மா முந்தானையப் புடிச்சுக்கிட்டு, "அப்பா எங்க தூங்குவாரு?"ன்னு கேட்டா. அதக் கேட்டதும் பூவாத்தா கரண்டியக் கீழ வச்சுட்டு ராமாயி பக்கம் திரும்புனா. அவ அழுற ஆளு இல்ல.

"அண்ணி, கரட்டூருத் தேருக்கு நீங்க வருவீங்கல்ல? அங்க தண்ணி இதைவிட மோசம். அங்க வந்து, உங்க கையால பருப்பு போடுங்க. வெந்துச்சுன்னா நாங்க மூணு பேரும் இந்த வண்டியிலதான். வேகலன்னா நானே பெட்டி கட்டுறேன்."

"கரட்டூர்ல பருப்பா? குக்கரு வச்சு ஏமாத்தக் கூடாது, ஆமா! சட்டியிலதான்."

"சட்டியிலதான் அண்ணி."

ராமாயி சிரிச்சுக்கிட்டே ஊருக்குக் கெளம்பிட்டா. போறப்போ பலகைக்கு அடியில இருந்த தகரப் பெட்டியக் கால்ல தள்ளி வெளிய விட்டுட்டுப் போனா. "தூசி தட்டி வை, தேவைப்படும்."

அந்தப் பெட்டிய ஞாபகம் வச்சுக்கோ. ம்?

ம்.

அப்புறம் பூவாத்தா என்ன செஞ்சா, ஒரு கயிறு எடுத்தா. அடுப்புக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு சந்து, அங்க மட்டுந்தான் வண்டியில காலி எடம். அந்தச் சந்தக் கயித்துல அளந்து முடிச்சுப் போட்டா. முந்தானையில சொருகிக்கிட்டு, தண்ணிய நல்லதாக்குற சாமான் தேடி டவுனுக்குப் போனா.

மொதக் கடை. கண்ணாடிக் கதவு. உள்ள ஆளு ஒசரத்துக்கு நீலமா ஒரு மிஷினு நிக்குது. உப்புத் தண்ணிய நல்ல தண்ணியாக்குற சாப்ட்னருன்னாங்க. கடைக்காரப் பையன் குழாயத் தொறந்து சோப்பைத் தேச்சான். அடேயப்பா! நுரை பொங்கிக் கீழ வழியுது.

பூவாத்தா கயித்த எடுத்தா. மிஷினு மேல வச்சா. பத்தல.

"அக்கா, அடுப்பைக் கொஞ்சம் தள்ளிக்கோங்க"ன்னான்.

"தள்ளுனா டிரைவர் மடியிலதான் வைக்கணும். அது கெடக்கட்டும், இது வேற என்ன கேக்கும்?"

"ஒண்ணும் கேக்காது. கரண்டு குடுத்தா போதும், தானே தன்னைக் கழுவிக்கும்."

"எவ்வளவு தண்ணியில?"

"பத்துப் பன்னெண்டு கொடம் ஆகும்."

"எங்க தொட்டியே அம்புட்டுத்தான் தம்பி. இது குளிச்சு முடிச்சா, நாங்க மூணு பேரும் இதோட மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதா?"

வந்துட்டா.

ரெண்டாவது கடை. அங்க ஒருத்தரு தங்கக் கண்ணாடி போட்டுக்கிட்டு, வளையல் மாதிரி ஒண்ணைக் காட்டுனாரு. காந்தமாம். "உப்பு வேண்டாம், கரண்டு வேண்டாம், கழுவ வேண்டாம். குழாய்ல டக்குனு மாட்டுனா தண்ணி பூவாட்டம் ஆயிடும். ஒரு தொல்லையும் கெடையாது." மாட்டுனாரு, குழாயத் தொறந்தாரு, சோப்பைத் தேச்சாரு. குபுகுபு! பூவாத்தாளுக்கு ஒரே சந்தோசம். எடமே அடைக்காதே! வாங்கிட்டு ஓடியாந்து, மாட்டி, பருப்பு போட்டா.

என்ன ஆச்சு சொல்லு?

லொட லொட. லொட லொட.

மாரப்பன் சட்டிய எட்டிப் பாத்தான். சிட்டுதான், "அம்மா, பருப்பு இன்னும் குதிக்குது"ன்னா.

பூவாத்தா சட்டியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அந்தக் கடையில நுரைச்சுது, இங்க ஏன் பருப்பு வேகல? அப்போ அவ மண்டையில பொறி தட்டுச்சு. அட! டவுனுல வர்றது ஆத்துத் தண்ணியில்ல? அதுல ஒண்ணுமே மாட்டாம சோப்பு போட்டாலும் நுரைக்குமே! மொதக் கடையிலயும் அதே கூத்துத்தான்.

மறுநாளு ஒரு பெரிய கலர் பாட்டிலு நெறைய உப்புத் தண்ணிய ரொப்பிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அந்தக் காந்தக் கடைக்குப் போனா.

"ஐயா, உங்க குழாய மூடுங்க. என் தண்ணியில நுரை காட்டுங்க."

அவரு அந்தத் தண்ணியக் காந்தத்துக்குள்ள ஒரு தடவை விட்டாரு. சோப்பு போட்டாரு. திப்பி திப்பி. இன்னொரு தடவை விட்டாரு. திப்பி திப்பி. கடைக்கு வந்த நாலு பேரு எட்டிப் பாத்தாங்க.

"அது... பழகணும்மா தண்ணிக்கு."

"என் மாமியாரே பழகிட்டாங்க, இது இன்னும் பழகலயா?"

நாலு பேரும் சிரிச்சுட்டாங்க. அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே காந்தத்த வாங்கி வச்சுக்கிட்டாரு, காசைத் திருப்பிக் குடுத்துட்டாரு.

ம். முழிச்சிருக்கியா?

மூணாவது கடை. குழாய்ச் சாமான் விக்கிற இருட்டுக் கடை. ஒரு குண்டு மனுசன் பொரி தின்னுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பூவாத்தா பாட்டில நங்குன்னு வச்சா. அவரு நாக்குல ஒரு சொட்டு விட்டுப் பாத்தாரு. "அய்யய்ய, எந்தக் காட்டுத் தண்ணி இது?"ன்னு எந்திரிச்சுப் போயி, பால் வாங்குற தூக்குப்போசிய நீட்டி விட்ட மாதிரி ஒரு சாமானக் கொண்டாந்தாரு. மூடியத் தொறந்து காட்டுனாரு. உள்ள ஜவ்வரிசியாட்டம் குட்டிக் குட்டி மணி, தேன் நெறத்துல.

மேல அவ தண்ணிய ஊத்துனாரு. கீழ சொட்டு சொட்டா வந்துச்சு. அதப் புடிச்சு, சோப்புச் சீவலைப் போட்டு, பாட்டில கிலுகிலுன்னு குலுக்குனாரு. நுரை கழுத்து வரைக்கும் ஏறி நின்னுச்சு!

பூவாத்தா கயித்த வச்சுப் பாத்தா. கயித்துல மிச்சமே இருந்துச்சு.

"இதுல ஒரு தொல்லை இருக்குதுங்க"ன்னாரு அவரு.

பூவாத்தா நிமுந்து பாத்தா. இது வரைக்கும் யாரும் தொல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!

"இந்த மணி தண்ணியில இருக்கிற சுண்ணாம்பத் தின்னும். வயிறு ரொம்பிட்டா அப்புறம் திங்காது. அப்போ உப்பக் கரைச்சு மேல ஊத்திக் கழுவணும். எத்தனை நாளைக்கு ஒருக்கான்னு கேக்காதீங்க. நீங்க ஊரூரா போறவங்க. தெனம் காலையில பாட்டில்ல சோப்பு போட்டுக் குலுக்கிப் பாருங்க. நுரைச்சா சரி, நுரைக்கலன்னா அதுக்குப் பசி தீந்துச்சுன்னு அர்த்தம்."

"தொல்லையச் சொன்னீங்கல்ல, இதையே குடுங்க"ன்னா பூவாத்தா.

அப்புறம் என்ன! தொட்டியில இருந்து தண்ணி அதுக்குள்ள போயி, குழாய்ல வந்துச்சு. சிட்டு தலை பட்டாட்டம் ஆச்சு. சொறி போச்சு. ஊரு ஊராப் போயி, கரட்டூரும் வந்துச்சு. தேரும் வந்துச்சு. தும் தும் தும்னு மேளம்.

தேரன்னைக்குக் காலையில பூவாத்தா பாட்டில குலுக்குறா... நுரையக் காணோம்! திப்பி திப்பி!

"மாமா! இந்தத் தண்ணிய என்ன பண்ணீங்க?"

மாரப்பன் பம்மிப் பம்மி வந்தான். "குதிரையெல்லாம் பளபளன்னு இருக்கட்டுமேன்னு... நல்லா நுரைச்சுதா... எல்லாத்தையும் குளிப்பாட்டிட்டேன். ரெண்டு தொட்டி."

"மரக்குதிரைக்கு எதுக்கு மாமா நல்ல தண்ணி? அதுக்குத் தலை சிக்கா விழுது?"

திட்ட நேரம் இல்ல. ராமாயி வர்ற பஸ்ஸு வர்ற நேரம். உப்புப் போடலாம்னு டப்பாவத் தொறந்தா, அடியில ஒரு புடி. கடைக்கு ஓடுனா, தேருன்னு கடையெல்லாம் அடைச்சிருக்கு! கோயில் வாசல்ல மட்டும் பாட்டிமாருங்க வரிசையா உக்காந்து, அம்மனுக்குப் போடுற உப்பு மிளகுப் பொட்டலம் விக்கிறாங்க. கல்லுப்புதான். ஆனா மிளகு கலந்த உப்பு.

பூவாத்தா மடி நெறைய வாங்குனா.

"ஏம்மா, இம்புட்டு வேண்டுதலா?"ன்னு கேட்டாங்க ஒரு பாட்டி.

"பெரிய வேண்டுதல் ஆத்தா." ஒரு பொட்டலத்தப் பிரிச்சு அம்மன் முன்னாடி போட்டா. "இது உனக்கு. மிச்சம் எனக்கு. கோவிச்சுக்காத"ன்னு சொல்லிட்டு ஓடியாந்தா.

மாரப்பனுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. "உப்புத் தண்ணிக்கு உப்பையே போடுறதா? அதுலயும் மிளகு! சாப்ட்னரா ரசமா பூவு இது?"

"ஒவ்வொண்ணா பொறுக்கிக்கிட்டு உக்காந்தா தேரு நெலைக்கு வந்துடும். வாளியக் கொண்டாங்க."

வாளித் தண்ணியில எல்லாத்தையும் கொட்டிக் கலக்கு கலக்குன்னு கலக்குனா. உப்பு கரைஞ்சுது. மிளகு கரையுமா? கரையாது. முந்தானையில வடிகட்டுனா, மிளகு மேல நின்னுச்சு, உப்புத் தண்ணி கீழ போச்சு. அத மணிக்குள்ள மெள்ள மெள்ள ஊத்துனா. அப்புறம் வெறும் தண்ணிய விட்டு விட்டு, கீழ வர்றத நாக்குல வச்சுப் பாத்தா. த்தூ! கரிப்பு. இன்னொரு கொடம். த்தூ, கொஞ்சம் கரிப்பு. இன்னொரு கொடம்... இப்போ துப்பல. முழுங்குனா.

பாட்டில எடுத்துக் குலுக்குறா, ராமாயி படியில கால வைக்கிறா. கிலுகிலு கிலுகிலு... கழுத்து வரைக்கும் நுரை!

ம்.

ராமாயி லேசுப்பட்டவளா? பருப்ப அவ வீட்டுல இருந்தே கொண்டாந்திருந்தா. "தொட்டித் தண்ணி எனக்கு வேண்டாம். எந்த ஆத்துல இருந்து கொண்டாந்து ரொப்பி வச்சிருக்கியோ!" தானே போயி, தேர் மைதானத்து அடிபம்புல டங்கு டங்குன்னு அடிச்சு ஒரு கொடம் கொண்டாந்தா. பூவாத்தா சிரிச்சுக்கிட்டே வாங்கி மணிக்குள்ள ஊத்தி, கீழ புடிச்சுக் குடுத்தா. சட்டி. அடுப்பு. பருப்பு.

மொதல்ல லொட லொட. மாரப்பன் கண்ண மூடிக்கிட்டான். சிட்டு அப்பா கையப் புடிச்சுக்கிட்டா. அப்புறம் லொட... லொட... அப்புறம் தொளக் தொளக். அப்புறம் சத்தமே இல்ல, தொப் தொப்புன்னு கொழகொழன்னு கொதி.

ராமாயி ஒரு பருப்ப எடுத்து ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சா. அமுக்கக் கூட இல்ல, நசுங்கிப் போச்சு. அவ தம்பியப் பாத்தா, பூவாத்தாளப் பாத்தா, சிட்டு தலையத் தடவுனா. இந்தத் தடவை வெரலு சிக்கல, வழுக்கிக்கிட்டுப் போச்சு.

"பூவாத்தா, ரசம் வச்சிருக்கியா?"

"வச்சேன் அண்ணி. மிளகு நெறைய கெடந்துச்சு."

"அப்போ இலையப் போடு. சாப்புட்டுட்டு, எனக்கும் தலைக்கு ஊத்திக்க ஒரு கொடம் குடு"ன்னு சப்பணம் போட்டு உக்காந்துட்டா.

அப்புறம் எல்லாரும் சாப்புட்டு, ராட்டினம் ஜிங்கு ஜிங்குன்னு சுத்த ஆரம்பிச்சுது. சிட்டு ஓடிப் போயி காது ஒடஞ்ச குதிரை மேல ஏறிக்கிட்டா. அப்போ பூவாத்தா வண்டிக்குள்ள வந்தா. ராமாயி பலகைக்கு வெளிய தள்ளி விட்டாளே, அந்தத் தகரப் பெட்டி, அத இழுத்தா. தூசி தட்டித் தொறந்தா. துணியா வச்சா? இல்ல. மிச்சம் இருந்த உப்புப் பொட்டலத்தயெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மூடி, டக்குன்னு தாப்பாளப் போட்டு, பலகைக்கு அடியில தள்ளி விட்டா.

பெட்டிய மூடியாச்சு. நீயும் கண்ண மூடு.