கல் கட்டாத புடலங்காய்

விண்வெளியை ஆராயப் போன கப்பல் கூட்டத்துக்குச் சமையல்காரர் உச்சிமாகாளி. சல்யூட் அடிக்க மறந்தால், "இது படைடா!" என்று தளபதி கஜவரதர் வெங்காயம் உரிக்க வைப்பார். படைக்காரனுக்கு உள்ள இரண்டு மாத லீவைக் கேட்டால், "நாம வெறும் ஆராய்ச்சிக்காரங்கப்பா" என்பார். மூன்று வருஷமாக இதே பாட்டு.

"ரெண்டுல ஒண்ணு சொல்லித் தொலைங்கய்யா!" என்றார் உச்சிமாகாளி.

"படைன்னு நீயே நிரூபி, லீவு தர்றேன்" என்று சிரித்தார் தளபதி.

புடலங்காய் நேராக வளர நுனியில் கல் கட்டுவார்கள். எடையே இல்லாத கப்பலில் கல் என்ன செய்யும்? கப்பல் தோட்டத்தில் எல்லாம் சுருண்டுதான் காய்த்தன. வரி வரியாக இருந்த ஒன்றை டப்பாவில் அடைத்து, மதியச் சாப்பாடு என்று நீட்டினார் உச்சிமாகாளி. மூடியைத் திறந்ததும் அது வெளியே மிதந்து வந்தது.

"ஐயோ, பாம்பு!" தளபதி எம்பிய எம்பில் கூரையில் போய் முட்டினார். கைகால் வெடவெடத்தது.

"பாம்பென்றால் படையும் நடுங்கும்னு சொல்வாங்க. நடுங்கிட்டீங்க. அப்ப நாம படைதான்."

"அது புடலங்காய்டா!"

"சரிங்கய்யா. பாம்புக்கு நடுங்குன படைன்னு பூமிக்குச் சொல்லவா, புடலங்காய்க்கு நடுங்குன ஆராய்ச்சிக்காரர்னு சொல்லவா?"

கூரையிலிருந்தே தளபதி கத்தினார்: "படைன்னே சொல்லித் தொலை! அந்த லீவுத் தாளை மேலே அனுப்பு!"